வெறுமை என்று அவர் எண்ணிய வெளி: ஜெரார்ட் கைப்பரும் தொலைதூரப் பனியும்

வானியல் நூல்களைப் புரட்டும் எமது மாணவர்கள், நெப்டியூன் கிரகத்திற்கு அப்பால் பனிக்கட்டிப் பொருட்கள் நிறைந்த ஒரு பரந்த வலயம் இருப்பதையும், அதற்குக் கைப்பர் பட்டை என்று பெயரிடப்பட்டிருப்பதையும் அறிவர். ஆனால் அந்தப் பெயருக்குரிய மனிதர் யார், அவர் செய்தது என்ன என்று கேட்டால் பலரிடம் விடை இராது. அதைவிட வியப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு. அந்த வலயம் இன்று வெறுமையாகவே இருக்க வேண்டும் என்றுதான் அவர் எழுதினார். இல்லை என்று ஒருவர் கருதிய ஒன்றிற்கே உலகம் அவரது பெயரைச் சூட்டியிருக்கின்றது. இதனை வரலாற்றின் விளையாட்டு என்று கூறி நாம் கடந்து சென்றுவிடலாம். ஆயினும் அந்த முரண்பாட்டைச் சற்று நின்று நோக்கினால், விஞ்ஞானம் எவ்வாறு வளர்கின்றது என்பதற்கு அதனிலும் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

ஜெரார்ட் பீற்றர் கைப்பர் 1905 ஆம் ஆண்டு டிசம்பர் 7 ஆம் திகதி நெதர்லாந்தின் வட ஹொலண்ட் மாகாணத்தில் உள்ள சிறு கிராமம் ஒன்றில் பிறந்தார். தந்தையார் ஒரு தையற்காரர். நான்கு பிள்ளைகளில் மூத்தவரான கைப்பருக்கு இளமையிலேயே வானத்தின் மீது தீராத நாட்டம் ஏற்பட்டது. தந்தையும் பாட்டனாரும் வாங்கிக்கொடுத்த ஒரு சிறு தொலைகாட்டி அந்த நாட்டத்திற்கு உரமிட்டது. இயற்கை அவருக்கு வேறொரு கொடையையும் அளித்திருந்தது. சாதாரண மனிதக் கண்ணுக்குப் புலப்படும் மிக மங்கலான நட்சத்திரங்களைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு மங்கலானவற்றையும் அவரால் வெறுங்கண்ணால் காண முடிந்தது என்று கூறப்படுகின்றது. மனிதக் கண்ணால் ஒருபோதும் காண முடியாத ஒளியைக் கொண்டே பின்னாளில் அவர் பெரும் சாதனைகளைப் புரிந்தார் என்பதையும் இங்கே நினைவிற்கொள்வது பொருந்தும்.

வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகத்தின் வாயில் எளிதில் திறக்காத காலம் அது. கைப்பரும் ஹார்லெம் நகரில் ஆரம்பப் பாடசாலை ஆசிரியராவதற்கான பயிற்சியையே பெற்றார். எனினும் அவர் அத்துடன் அமைதி அடையவில்லை. கடினமான விசேட பரீட்சை ஒன்றில் தேறி, 1924 ஆம் ஆண்டு புகழ்பெற்ற லெய்டன் பல்கலைக்கழகத்தில் நுழைந்தார். 1929 இல் சூரிய கிரகணத்தை அவதானிப்பதற்காக சுமாத்திராவிற்குச் சென்ற டச்சுக் குழுவிலும் இடம்பெற்றார். 1933 ஆம் ஆண்டு இரட்டை நட்சத்திரங்கள் பற்றிய ஆய்வுக்காகக் கலாநிதிப் பட்டம் பெற்றார். கிராமத்துப் பாடசாலையில் கரும்பலகையின் முன் முடிந்திருக்கக்கூடிய ஒரு வாழ்க்கை, ஒரு பரீட்சையினால் திசைமாறியது என்பதைக் கல்வியின் பெறுமதியை உணர்ந்த எமது வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

பட்டம் பெற்ற அதே ஆண்டில் அவர் ஐக்கிய அமெரிக்காவிற்குச் சென்றார். முதலில் கலிபோர்னியாவின் லிக் அவதான நிலையத்திலும், பின்னர் ஹார்வட்டிலும் பணியாற்றினார். அக்காலத்தில் டச்சு ஆட்சியின் கீழ் இருந்த ஜாவாத் தீவின் லெம்பாங் அவதான நிலையத்தில் பதவி ஏற்பதற்கே அவர் எண்ணியிருந்தார். ஆனால் சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யேர்க்ஸ் அவதான நிலையத்தில் இடம் கிடைக்கவே, 1936 இல் அங்கு சேர்ந்தார். மறு ஆண்டு அமெரிக்கப் பிரஜையானார். அதுவரை அவருடைய ஆய்வுப் பொருள் நட்சத்திரங்களே. கிரகங்களின் பக்கம் அவர் திரும்புவார் என்று எவரும் எதிர்பார்த்திருக்கவில்லை.

அக்காலத்து வானியலாளரிடையே கிரக ஆய்வு மதிப்பிழந்து கிடந்தது என்பதை இவ்விடத்தில் கூறியாக வேண்டும். செவ்வாயில் கால்வாய்கள் உள்ளன, அவற்றை வெட்டிய உயிர்கள் உள்ளன என்றெல்லாம் எழுந்த கற்பனைகள் அத்துறைக்கு அவப்பெயரைத் தேடித்தந்திருந்தன. பெரிய தொலைகாட்டிகள் யாவும் நட்சத்திரங்களையும் விண்மீன் மண்டலங்களையும் நோக்கித் திரும்பியிருந்தன. கிரகங்களையும் அவற்றின் சந்திரன்களையும் ஆராய்வது பொழுதுபோக்காளரின் வேலை என்றே பலரும் கருதினர். அந்த ஏளனத்தைப் பொருட்படுத்தாது, கைவிடப்பட்ட ஒரு வயலில் தனியாளாக ஏர் பூட்டியவர் கைப்பர்.

இரண்டாம் உலக மகா யுத்தம் மூண்டபோது அவரும் எதிரியின் ராடாரைச் செயலிழக்கச் செய்யும் இராணுவ ஆராய்ச்சியில் ஈடுபடுத்தப்பட்டார். 1943, 1944 ஆம் ஆண்டுகளுக்கு இடைப்பட்ட குளிர்காலத்தில் அவருக்குச் சிறு விடுமுறை கிடைத்தது. ஓய்வெடுக்க வேண்டிய அந்த நாட்களில் அவர் டெக்சாஸ் மாநிலத்தின் மக்டொனால்ட் அவதான நிலையத்திற்குச் சென்று, அங்கிருந்த 82 அங்குலத் தொலைகாட்டியைப் பெரிய சந்திரன்களின் பக்கம் திருப்பினார். சனிக்கிரகத்தின் மிகப்பெரிய சந்திரனான டைட்டனின் நிறமாலையில் மெதேன் வாயுவின் அடையாளம் தென்பட்டது. ஒரு சந்திரனுக்கும் வளிமண்டலம் உண்டு என்பது அதன் மூலம் நிரூபணமாயிற்று. 1655 ஆம் ஆண்டு டைட்டனைக் கண்டறிந்த கிறிஸ்ரியான் ஹைகன்ஸும் ஒரு டச்சுக்காரரே. ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளின் பின்னர் அதன் மேல் வாயுப் போர்வை இருப்பதைக் கண்டவரும் அதே நாட்டின் மைந்தராக அமைந்தார்.

யுத்தத்தின் இறுதியில், ஜேர்மனியின் விஞ்ஞான இரகசியங்களைக் கண்டறிவதற்காக நேச நாடுகள் அனுப்பிய அல்சொஸ் குழுவிலும் கைப்பர் இடம்பெற்றார். போரினால் வீடிழந்து தவித்த வயோதிப பௌதிகவியல் மேதை மக்ஸ் பிளாங்கை, சோவியத் படைகள் நெருங்கிக்கொண்டிருந்த பகுதியிலிருந்து பாதுகாப்பாக கோட்டிங்கன் நகரிற்குக் கொண்டு சேர்த்த செயலில் அவருக்குப் பங்குண்டு. எதிரி நாட்டவராயினும் அறிவாளர் ஒருவரைக் காக்க வேண்டும் என்று கருதிய பண்பு அங்கே வெளிப்பட்டது.

யுத்தம் அவருக்கு வேறொரு வழியையும் திறந்துவிட்டது. இருளில் நகரும் விமானங்களையும் கப்பல்களையும் அவை வெளிவிடும் வெப்பத்தைக் கொண்டு கண்டறிவதற்காக, ஈயச் சல்பைட்டினாலான உணர்கலங்கள் ஜேர்மனியிலும் அமெரிக்காவிலும் உருவாக்கப்பட்டிருந்தன. மனிதக் கண்ணுக்குத் தெரியாத செங்கீழ்க் கதிர்களை உணரும் ஆற்றல் அவற்றுக்கு உண்டு. அமெரிக்காவில் அவற்றை வடிவமைத்த ரொபர்ட் காஷ்மனுடன் இணைந்து, யுத்தம் முடிந்த கையோடு கைப்பர் ஒரு செங்கீழ் நிறமாலைமானியை அமைத்து அதனைத் தொலைகாட்டியில் பொருத்தினார். கொல்வதற்கு வழிகாட்டவெனச் செய்யப்பட்ட கருவி, கோடிக்கணக்கான கிலோமீற்றர்களுக்கு அப்பால் உள்ள உலகங்கள் எதனால் ஆனவை என்று கூறும் கருவியாக மாறியது. யுத்தத்தின் கருவிகள் யாவும் இத்தகைய நற்பேற்றைப் பெறுவதில்லை என்பதை நாம் நன்கறிவோம்.

ஒளியைக் கொண்டு பனியை எவ்வாறு அடையாளம் காண்பது என்ற வினா இங்கு எழக்கூடும். அதன் தத்துவம் எளிமையானது. சூரிய ஒளி ஒரு சந்திரனின் தரையில் பட்டுத் தெறித்து எம்மை வந்தடைகின்றது. தரையில் உள்ள பொருள் அவ்வொளியின் சில பகுதிகளைத் தனக்குள் உறிஞ்சிக்கொண்டு எஞ்சியதையே திருப்பி அனுப்புகின்றது. எப்பகுதியை உறிஞ்சுவது என்பது பொருளுக்குப் பொருள் வேறுபடும். நீர்ப்பனி எமது கண்ணுக்குத் தூய வெண்ணிறமாகத் தோன்றுகின்றது. ஆனால் 1.5 மைக்குரோ மீற்றர், 2 மைக்குரோ மீற்றர் ஆகிய அலைநீளங்களை அண்டிய செங்கீழ்க் கதிர்களில் நோக்கினால் அதே பனி கறுத்துவிடும். அக்கதிர்களை அது விழுங்கிவிடுவதே காரணம். மெதேன் பனிக்கும், அமோனியாப் பனிக்கும், காபனீரொட்சைட்டுப் பனிக்கும் அவ்வாறே தனித்தனி அடையாளங்கள் உள்ளன. கைரேகையைக் கொண்டு ஆளை அறிவது போல, ஒளியில் விழுந்த இருட்கோடுகளைக் கொண்டு பொருளை அறியலாம். பாறையும் பனியும் கண்ணுக்கு ஒரே வெள்ளைப் புள்ளியாகத் தெரியும் தொலைவில் அவற்றைப் பிரித்தறிய வேறு வழி இருக்கவில்லை.

இம்முறையைக் கொண்டு கைப்பர் அடைந்த பலன்கள் அடுத்தடுத்து வெளிவந்தன. 1947 ஆம் ஆண்டு செவ்வாயின் வளிமண்டலத்தில் காபனீரொட்சைட்டு உள்ளதைக் கண்டறிந்தார். செவ்வாயின் துருவத் தொப்பியிலிருந்து வந்த ஒளியை ஆராய்ந்து, அங்கே நீர்ப்பனி இருக்கின்றது என்றார். சனியின் வளையங்கள் பனியினால் மூடப்பட்டவையாகவோ பனியினாலேயே ஆனவையாகவோ இருக்க வேண்டும் என்று கருதினார். பின்னர் 1957 ஆம் ஆண்டு, வியாழனின் நான்கு பெரிய சந்திரன்களில் யூரோப்பா, கனிமீட் ஆகிய இரண்டும் நீர்ப்பனிக்குரிய இயல்பைக் காட்டுகின்றன என்றும், மற்றைய இரண்டில் அது காணப்படவில்லை என்றும் மிகச் சுருக்கமான குறிப்பு ஒன்றை வெளியிட்டார். சோவியத் விஞ்ஞானி மொறொஸ் 1960களின் நடுப்பகுதியில் இதனையொத்த முடிவிற்கு வந்தார். 1972 இல் பில்ச்சர், றிஜ்வே, மக்கோர்ட் ஆகியோர் மிகவும் நுட்பமான அளவீடுகளால் அதனை உறுதிப்படுத்தினர். இன்று உயிர் தேடும் விஞ்ஞானிகளின் கண்கள் யூரோப்பாவின் மீது பதிந்திருக்கின்றன என்றால், அந்தத் தேடலின் தொடக்கம் 1957 இன் அச்சிறு குறிப்பிலேயே உள்ளது எனலாம்.

இதே காலப்பகுதியில் அவர் புதிய சந்திரன்களையும் கண்டார். 1948 ஆம் ஆண்டு யுரேனஸின் சந்திரனான மிராண்டாவும், 1949 ஆம் ஆண்டு நெப்டியூனின் சந்திரனான நெரெய்டும் அவரது ஒளிப்படத் தகடுகளில் அகப்பட்டன. சூரிய குடும்பம் எவ்வாறு தோன்றியது என்ற பெருவினாவிலும் அவர் இறங்கினார். 1951 ஆம் ஆண்டு வெளியான கட்டுரையில், சூரியனைச் சூழ்ந்திருந்த வாயுத் தட்டின் வெளிப்புறத்தில், நெப்டியூனுக்கு அப்பால், எண்ணற்ற பனிப்பொருட்கள் ஆதியில் உருவாகியிருக்க வேண்டும் என்று எடுத்துரைத்தார். ஆனால் புளூட்டோ அப்பிரதேசத்தில் ஊடுருவிச் சுற்றி வந்து, தனது ஈர்ப்பினால் அவற்றை வெகுதொலைவிற்குச் சிதறடித்திருக்கும் என்றும் அவர் கருதினார். புளூட்டோவின் திணிவு பூமியின் திணிவை ஒத்தது என்று நம்பப்பட்ட காலம் அது. அந்த நம்பிக்கையின் மீது கட்டப்பட்ட தர்க்கத்தில் பிழையில்லை. பிழை அடித்தளத்திலேயே இருந்தது.

கைப்பர் பழகுவதற்கு இனியவராக எல்லோருக்கும் விளங்கினார் என்று நாம் கூறப் புகவில்லை. அவர் கடுமையாக உழைத்தார், பிறரிடமும் அதே உழைப்பை எதிர்பார்த்தார். நொபெல் பரிசு பெற்ற இரசாயனவியலாளர் ஹரல்ட் யூரேயுடன் 1950களில் அவருக்கு ஏற்பட்ட பிணக்கு அத்துறையையே இரு பாசறைகளாகப் பிரித்துவிடுமோ என்று அஞ்சும் அளவிற்கு முற்றியது. யேர்க்ஸ் நிலையத்தின் பணிப்பாளராக இரு தடவைகள் கடமையாற்றியபோதும், சக ஆய்வாளருடன் அவரது உறவு சுமுகமாக இருக்கவில்லை. முடிவில் 1960 ஆம் ஆண்டு சிக்காகோவைத் துறந்து, அரிசோனா பல்கலைக்கழகத்தில் சந்திர, கிரக ஆய்வுகூடத்தை நிறுவினார். ஒரு சிலருடன் தொடங்கிய அந்த ஆய்வுகூடம், கிரக விஞ்ஞானத்திற்கென உலகின் தலைசிறந்த நிலையங்களில் ஒன்றாக வளர்ந்தது. பின்னாளில் விஞ்ஞானத்தைப் பாமரரிடமும் கொண்டு சென்ற கார்ல் சேகன், அவ்வாண்டில் கலாநிதிப் பட்டம் பெற்ற கைப்பரின் மாணவராவார்.

கெடுபிடிப் போரின் நிழலிலிருந்தும் அவர் முற்றாக விலகி நிற்கவில்லை. சந்திரனில் அணுகுண்டு ஒன்றை வெடிக்கவைப்பதன் விளைவுகளை ஆராய 1958 இல் அமெரிக்க விமானப்படை இரகசியமாக மேற்கொண்ட திட்டத்தில் அவரது பெயரும் அவருடைய மாணவர் சேகனின் பெயரும் இடம்பெற்றிருந்தன. நல்லவேளையாக அத்திட்டம் கைவிடப்பட்டது. அதற்கு மாறாக, 1964 ஆம் ஆண்டு ஜூலை மாதம் சந்திரனின் தரையை மிக அண்மையிலிருந்து படம்பிடித்த ரேஞ்சர் 7 விண்கலத்தின் ஒளிப்பட ஆய்வுக்குழுவிற்குத் தலைமை தாங்கியவர் என்ற பெருமையும் அவருக்கு உண்டு. மனிதன் சந்திரனில் இறங்குவதற்கு முன் அத்தரையின் இயல்பை அறிந்துகொள்ள அவருடைய படத்தொகுதிகளும் ஆய்வுகளும் துணைசெய்தன.

செங்கீழ்க் கதிர்களை அவதானிப்பதற்குப் பெருந்தடையாக இருப்பது எமது வளிமண்டலத்தின் நீராவி. நீர்ப்பனியைத் தேடுபவனின் கண்ணை நீராவியே மறைக்கின்றது. ஆகவே உயர்ந்ததும் வரண்டதுமான இடங்களைத் தேடி கைப்பர் உலகெங்கும் அலைந்தார். ஹவாய்த் தீவில் 4,200 மீற்றர் உயரத்தில் நிற்கும் மௌனா கீ எரிமலையின் உச்சி அவரைக் கவர்ந்தது. 1964 இல் உச்சிக்குப் பாதை வெட்டப்பட்டு, அவருடைய சிறிய தொலைகாட்டி ஒன்று அங்கே நிறுவப்பட்டது. பூமியில் வானத்தை நோக்குவதற்கு இதனிலும் சிறந்த இடம் இல்லையென அவர் துணிந்தார். ஆனால் பெரிய தொலைகாட்டியை அமைக்கும் பொறுப்பை நாசா நிறுவனம் அவரிடம் ஒப்படைக்காது ஹவாய்ப் பல்கலைக்கழகத்திடம் வழங்கியது. தாம் கண்டெடுத்த மலை தம்மிடமிருந்து பறிக்கப்பட்டதாகவே அவர் மனம் வருந்தினார். அந்த மலையைப் புனிதமாகப் போற்றும் ஹவாயின் ஆதிக்குடிகள், அங்கே மேலும் ஒரு பெருந்தொலைகாட்டி அமைவதை எதிர்த்து 2019 ஆம் ஆண்டு பாதையை மறித்து நின்றனர் என்பதையும் சேர்த்துக் கூறுவதே நீதியாகும். வானத்தைக் காண்பவர்கள் தாம் நிற்கும் மண்ணையும் அம்மண்ணுக்குரியவரையும் மறத்தல் ஆகாது.

மலையுச்சியும் போதாதென்று கண்ட கைப்பர், விமானத்தில் தொலைகாட்டியைப் பொருத்திப் பறந்தார். 1967 இல் தொடங்கிய அப்பறப்புகளின்போது, வெள்ளிக்கிரகத்தின் முகில்களுக்கு மேலே நீராவி மிகச் சொற்பமே என்று கண்டறியப்பட்டது. வெள்ளியின் முகில்கள் பூமியின் முகில்களைப் போன்று நீரினால் ஆனவை என்ற எண்ணத்தை அது வலுவிழக்கச் செய்தது.

1970 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நிகழ்ந்த ஒரு சம்பவம் எமது கவனத்திற்குரியது. சனியின் வளையங்களைப் புதிய கருவிகளால் மீண்டும் ஆராய்ந்த கைப்பரும் அவருடைய இளைய சகாக்கள் இருவரும், அவ்வளையங்களில் இருப்பது அமோனியாப் பனி போலும் என்று அறிவித்தனர். அதே ஆண்டில் வேறொரு குழுவினர், வளையங்களின் நிறமாலையை ஆய்வுகூடத்தில் உருவாக்கிய உறைபனியின் நிறமாலையுடன் ஒப்பிட்டு, அது நீர்ப்பனியே என்று நிறுவினர். கைப்பரின் குழுவினரும் தமது முடிவைத் தாமதமின்றித் திருத்திக்கொண்டனர். இருபது ஆண்டுகளுக்கு முன்னர் பழைய கருவிகளைக் கொண்டு அவர் கூறியிருந்ததே சரியாயிற்று. தொலைதூரப் பனியைத் தொலைகாட்டியால் மாத்திரம் அறிய முடியாது, அதே பனியை இங்கே ஆய்வுகூடத்தில் உறையவைத்து ஒப்பிட்டுப் பார்த்தே தெளிய வேண்டும் என்ற படிப்பினையை இச்சம்பவம் அத்துறைக்கு உணர்த்தியது.

1973 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், மெக்சிக்கோ நகரில் தங்கியிருந்த வேளையில் மாரடைப்பினால் கைப்பர் காலமானார். அப்போது அவருக்கு வயது 68. சில மாதங்களின் பின்னர் புதன்கிரகத்தைக் கடந்து சென்ற மரினர் 10 விண்கலம் அனுப்பிய படங்களில் முதன்முதலாக இனங்காணப்பட்ட பெருங்குழிக்கு அவரது பெயர் இடப்பட்டது. நாசாவின் பறக்கும் அவதான நிலையம் ஒன்றும் அவர் பெயரைத் தாங்கியது. யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது 1977 ஆம் ஆண்டு அந்த விமானத்திலிருந்தே கண்டறியப்பட்டது. 1995 இல் அது ஓய்வு பெற்றது.

இனித்தான் நாம் தொடக்கத்தில் குறிப்பிட்ட முரண்பாட்டின் முடிச்சு அவிழ்கின்றது. கைப்பரிடம் பயின்றவரும், அமோனியா விடயத்தில் அவருடன் இணைந்திருந்தவருமான டேல் குருக்ஷாங்க், 1976 ஆம் ஆண்டு பில்ச்சர், மொரிசன் ஆகிய இருவருடன் சேர்ந்து புளூட்டோவின் ஒளியை ஆராய்ந்தார். ஆசான் கற்பித்த அதே செங்கீழ் முறைதான். புளூட்டோவின் தரையில் மெதேன் பனி உறைந்திருப்பது அதனால் வெளிப்பட்டது. பனி படிந்த தரை ஒளியை மிகுதியாகத் தெறிக்கவைக்கும். ஆகவே புளூட்டோ அந்த அளவு பிரகாசமாகத் தெரிவதற்கு அது பெரிதாக இருக்க வேண்டியதில்லை, மிகச் சிறிதாக இருந்தாலே போதும். 1978 இல் புளூட்டோவின் சந்திரனான கரன் கண்டறியப்பட்டபோது ஐயம் முற்றாக நீங்கியது. புளூட்டோவின் திணிவு பூமியின் திணிவில் ஐந்நூறில் ஒரு பங்கு அளவே என்பது தெளிவாயிற்று. அத்தகைய சிறிய பொருளால் நெப்டியூனுக்கு அப்பால் உள்ள வெளியைத் துடைத்து வெறுமையாக்க இயலாது. ஆசானின் முறையே ஆசானின் முடிவைத் திருத்தியது.

டேவிட் ஜெவிற்றும், வியட்நாமிலிருந்து அகதியாக வந்து அமெரிக்காவில் கல்வி கற்ற ஜேன் லூவும் ஐந்து ஆண்டுகள் பொறுமையுடன் தேடியபின், 1992 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் அவ்வெளியில் முதலாவது பனிப்பொருளைக் கண்டனர். இப்போது அல்பியன் என்று பெயர் பெற்றுள்ள அப்பொருள் அகப்பட்டது மௌனா கீ மலையில், கைப்பரின் கைநழுவிப் போன அதே ஹவாய்ப் பல்கலைக்கழகத் தொலைகாட்டியில். அதன் பின்னர் அவ்வலயத்தில் ஆயிரக்கணக்கான பொருட்கள் கண்டறியப்பட்டுள்ளன. அயர்லாந்தைச் சேர்ந்த கெனத் எட்ஜ்வேர்த் 1940களிலேயே அத்தகைய பொருட்கள் அங்கே இருக்கலாம் என்று எழுதியிருந்தார். உருகுவேயைச் சேர்ந்த ஜூலியோ பெர்னாண்டஸ் 1980 இல் அதனைக் கணித்து விளக்கினார். ஆகவே அப்பட்டைக்குக் கைப்பரின் பெயர் பொருந்தாது என்று வாதிடுவோர் உளர். அவர்களது வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. பட்டையை முன்னறிவித்தவர் என்பதற்காக அவரைப் போற்றுவது பொருத்தமற்றது என்பதே எமது கருத்துமாகும்.

ஆனால் அப்பட்டையில் உள்ளவை எதனால் ஆனவை என்று கேட்கும் ஒவ்வொரு முயற்சியிலும் அவரது முத்திரை உண்டு. 1980 இல் டைட்டனை நெருங்கிய வொயேஜர் 1, அதன் வளிமண்டலத்தின் பெரும்பகுதி நைதரசன் என்றும், கைப்பர் கண்ட மெதேன் அதில் சிறு பங்கே என்றும் காட்டியது. 2005 ஆம் ஆண்டு ஜனவரி 14 ஆம் திகதி ஹைகன்ஸ் ஆய்வுகலம் டைட்டனின் தரையில் இறங்கி, உருண்டு திரண்ட பனிக்கட்டிக் கற்களைப் படம்பிடித்தது. 2015 ஜூலையில் புளூட்டோவைக் கடந்த நியூ ஹொரைசன்ஸ் விண்கலம், நீர்ப்பனியாலான மலைகளையும் நைதரசன் பனி நிறைந்த பெருஞ்சமவெளியையும் எமக்குக் காட்டியது. 2024 இன் இறுதியில் வெளியான ஓர் ஆய்வில், ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைகாட்டி நெப்டியூனுக்கு அப்பால் உள்ள ஐம்பதுக்கும் மேற்பட்ட பொருட்களின் செங்கீழ் நிறமாலைகளைப் பதிவு செய்து, அவற்றை மூவகைகளாகப் பிரிக்கலாம் என்று காட்டியிருக்கின்றது. நீர்ப்பனி மேலோங்கியவை ஒரு வகை. காபனீரொட்சைட்டு மிகுந்தவை மற்றொரு வகை. மெதனோலும் சேதனச் சேர்வைகளும் மிகுந்தவை மூன்றாம் வகை. சூரியனிலிருந்து எவ்வளவு தொலைவில் பிறந்தன என்பதை ஒவ்வொன்றும் தன் மேனியிலேயே எழுதிவைத்திருக்கின்றது போலும்.

யூரோப்பாவின் கதை எமது நாட்டுடனும் ஒரு மெல்லிய இழையால் பிணைந்துள்ளது. 1956 முதல் 2008 இல் மறையும் வரை இலங்கையையே தமது இல்லமாகக் கொண்டிருந்த ஆர்தர் சி. கிளார்க், 1982 ஆம் ஆண்டு வெளியான தமது நாவலில் யூரோப்பாவின் பனி ஓட்டிற்கு அடியில் கடலும் அக்கடலில் உயிரும் இருப்பதாகக் கற்பனை செய்தார். கடல் இருப்பதற்கான வலுவான ஆதாரங்கள் பின்னர் கிடைத்தன. 2023 இல் அதன் பனித்தரையில் காணப்பட்ட காபனீரொட்சைட்டு உள்ளிருந்தே வந்திருக்கலாம் என்று வெப் தொலைகாட்டியின் தரவுகள் சுட்டின. 2024 ஒக்ரோபரில் ஏவப்பட்ட யூரோப்பா கிளிப்பர் விண்கலம் 2030 இல் வியாழனைச் சென்றடையும் வகையில் திட்டமிடப்பட்டுள்ளது. அது சுமந்து செல்லும் கருவிகளுள் செங்கீழ் நிறமாலைமானியும் ஒன்று.

கைப்பர் பல இடங்களில் தவறினார். வளையங்களில் அமோனியா என்றார். பனிப்பொருட்கள் நிறைந்த வெளியை வெறுமை என்றார். ஆனால் அவர் விட்டுச்சென்றது முடிவுகளின் பட்டியல் மாத்திரம் அன்று. தம்முடைய முடிவுகளையே சோதித்துத் திருத்தக்கூடிய ஒரு வழிமுறையையும், அதனைப் பயன்படுத்தத் தயங்காத மாணவர் பரம்பரையையும் அவர் விட்டுச்சென்றார். ஆசிரியரின் சொல்லே இறுதிச்சொல் என்று மாணவர்களைப் பழக்கும் சமூகங்களில் அறிவு தேங்கி நிற்கின்றது. தம்மைத் திருத்தும் திறனை மாணவர்க்கு அளிக்கும் ஆசானே உண்மையில் வெற்றி பெற்றவர். எமது பாடசாலைகளும் பல்கலைக்கழகங்களும் சிந்திக்க வேண்டிய விடயம் இதுவென்றே நாம் கருதுகின்றோம். வானத்தின் விளிம்பில் பொறிக்கப்பட்டுள்ள அப்பெயர், கேள்வி கேட்கக் கற்றுக்கொடுத்த ஓர் ஆசானின் பெயராகவே எமது மாணவர் மனதில் பதிய வேண்டும்.